பிரவுன்ஸ் அணி புரூக் பார்க்குக்குப் போவது சரியா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து அணியான கிளீவ்லண்ட் பிரவுன்ஸ், ஏரிக்கரையிலுள்ள அரங்கத்தை விட்டுப் பக்கத்துப் புறநகரான புரூக் பார்க்குக்குப் போவதை ஏன் இத்தனை பேர் எதிர்க்கிறார்கள்? அணி உரிமையாளரின் சொத்து. பழைய அரங்கத்தைப் புதுப்பிக்க நகராட்சி காலத்தோடு போதிய பணம் கொடுத்திருந்தால் அவர்கள் ஏன் போகப்போகிறார்கள்?
– வாசகர் ஒருவர், கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: பணம் கொடுத்திருந்தால் அணி போயிருக்காது என்கிறீர்கள். பணம் கொடுக்க மக்கள் சம்மதித்தும் இதே ஊரிலிருந்து இதே அணி ஒருமுறை போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு இன்றைய எதிர்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

1961 முதல் பிரவுன்ஸ் அணியை வைத்திருந்த ஆர்ட் மோடெல், 1931-இல் திறக்கப்பட்ட நகராட்சி அரங்கத்தைத் தாமே குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். அங்கே வாடகைக்கு ஆடிவந்த பேஸ்பால் அணி 1994-இல் தனக்கென்று கட்டப்பட்ட புதிய அரங்கத்துக்குப் போய்விட, அவருடைய வருமானத்தில் பெரும் பள்ளம் விழுந்தது. பழைய அரங்கத்தைப் புதுப்பிக்க 17.5 கோடி டாலர் தேவை என்று சொல்லப்பட்டது. மது, சிகரெட் மீதான வரியை நீட்டித்து அதைத் திரட்டலாமா என்று கிளீவ்லண்ட் அடங்கிய குயஹோகா மாவட்ட மக்களிடம் 1995 நவம்பர் 7 அன்று வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் மிகப் பெரிய வித்தியாசத்தில் சம்மதம் தந்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய நாளே மோடெல் பால்டிமோர் நகருக்குப் போய், அணியை அங்கே கொண்டுசெல்லப்போவதாக அறிவித்துவிட்டார். (அந்தப் பால்டிமோரும் 1984-இல் ஒரே இரவில் லாரிகளில் மூட்டை கட்டிச் சென்ற கோல்ட்ஸ் அணியைப் பறிகொடுத்த ஊர்தான் என்பதை எண்ணும்போது என் மனம் கனக்கிறது.) டிசம்பர் 17 அன்று கிளீவ்லண்டில் நடந்த கடைசி ஆட்டத்தில் ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்துக் களத்தில் எறிந்தார்கள், ஆட்டம் முடிந்ததும் வீரர்களே அவர்களிடம் ஓடிச்சென்று கட்டித் தழுவினார்கள்.

நகரம் வழக்குத் தொடுத்துப் போராடியதால்தான் பிரவுன்ஸ் என்ற பெயரும் நிறங்களும் ஆட்ட வரலாறும் கிளீவ்லண்டிலேயே தங்கின. பழைய அரங்கம் இருந்த இடத்திலேயே பெரும்பகுதி பொதுப்பணத்தில் புதிய அரங்கம் எழுந்து, 1999-இல் புதிய வீரர்களுடன் அணி மறுபடி ஆடத் தொடங்கியது. அணி உரிமையாளருடையது என்று நீங்கள் எழுதியது சரி. அரங்கம் நகராட்சியுடையது என்பதையும் அதனோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

அந்தக் காயத்தில் பிறந்ததுதான் 1996-இல் ஒஹாயோ சட்டமன்றம் இயற்றிய 'மோடெல் சட்டம்'. வரிப்பணத்தில் எழுந்த அரங்கத்தில் ஆடி அரசின் உதவியையும் பெற்ற அணி வேறிடம் போக விரும்பினால், ஆறு மாதம் முன்னதாக அறிவித்து, அணியை வாங்கிக்கொள்ள உள்ளூராருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றது அது. அதன் பயனை உங்கள் ஊர் நேரில் கண்டிருக்கிறது. கொலம்பஸ் குரூ கால்பந்து அணியை ஆஸ்டினுக்குக் கொண்டுபோக அதன் உரிமையாளர் முனைந்தபோது, 2018-இல் மாநில அரசும் கொலம்பஸ் நகரமும் இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் நீதிமன்றம் சென்றன. முடிவில் அணியை வாங்கி ஊரிலேயே நிறுத்திய குடும்பங்களில் ஒன்று ஹாஸ்லம் குடும்பம். 2012 முதல் பிரவுன்ஸ் அணியை வைத்திருப்பதும், இப்போது அதைப் புரூக் பார்க்குக்குக் கொண்டுபோவதும் அதே குடும்பம்தான்.

நகராட்சி கையை விரித்துவிடவில்லை. 2024-இல் புதுப்பிப்புக்கென்று 46.1 கோடி டாலர் வரை தர முன்வந்தது. ஹாஸ்லம் குடும்பம் விரும்பியதோ, விமான நிலையத்தை ஒட்டிய பழைய ஃபோர்டு தொழிற்சாலை நிலத்தில் ஏறக்குறைய 240 கோடி டாலரில் கூரையிட்ட அரங்கம். 2025-இல் மாநில வரவுசெலவுத் திட்டம் அதற்கு 60 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தத் தொகை, மறந்துபோன வங்கிக் கணக்குகளிலும் வாங்கப்படாத காசோலைகளிலும் கிடந்து அரசின் பொறுப்பில் இருந்த தனிமனிதர்களின் பணத்திலிருந்து எடுக்கப்படுவது. அதே வரவுசெலவுத் திட்டத்தோடு மோடெல் சட்டமும் திருத்தப்பட்டு, மாநிலத்தை விட்டே வெளியேறும் அணிகளுக்கு மட்டும் பொருந்துவதாகச் சுருங்கியது. சட்டத்தைக் காட்டி வழக்காடிக்கொண்டிருந்த நகரத்தின் கையிலிருந்து அந்தச் சட்டமே பறிக்கப்பட்டது. அக்டோபரில், அணித் தரப்பிலிருந்து சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள பயன்களைப் பெற்று வழக்கை முடித்துக்கொள்ளும் உடன்பாட்டுக்கு நகராட்சி இணங்கியதை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

புதிய அரங்கத்துக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டிசம்பரில் ஈரி ஏரிக் காற்றில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களுக்குக் கூரையின் அருமை தெரியும். ஏரிக்கரை நிலம் வேறு பயனுக்குக் கிடைப்பதும் நல்லதே. ஆனால் பிரவுன்ஸ் ஆடும் தேசியக் கால்பந்து லீக்கின் (என்.எஃப்.எல்.) கணக்கையும் பாருங்கள். தேசியத் தொலைக்காட்சி வருமானத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. சொகுசு அறைகளின் வருமானமும் அரங்கத்தைச் சுற்றி எழும் கடைகள், விடுதிகளின் வருமானமும் அந்தந்த உரிமையாளருக்கே. பழைய அரங்கத்தை எவ்வளவு புதுப்பித்தாலும் அந்தச் சுற்றுநிலம் அவர் கைக்கு வராது. ஆகவே நகராட்சி இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தால் அணி தங்கியிருக்கும் என்ற உங்கள் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

அணியைப் பிடித்து நிறுத்துவது குத்தகையில் எழுதிய வரிகளும் சட்டமும்தான். செயின்ட் லூயிஸ் நகரம் ராம்ஸ் அணியை 1995-இல் வரவழைத்தபோது, அரங்கம் லீக்கின் மேல் கால்பகுதி அரங்கங்களுள் ஒன்றாக இல்லாவிட்டால் அணி வெளியேறலாம் என்று குத்தகையில் ஒப்புக்கொண்டது. பின்னர் அணி வைத்த சுமார் 70 கோடி டாலர் புதுப்பிப்புக் கோரிக்கையைத் தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட நடுவர்கள் ஏற்றார்கள், நகரம் மறுத்தது, 2016-இல் அணி லாஸ் ஏஞ்சலிஸ் போனது. நகரத் தரப்பு தொடுத்த வழக்கு 2021-இல் சமரசமாகி அதற்கு 79 கோடி டாலர் கிடைத்தது, அணி திரும்பவில்லை.

கிளீவ்லண்டின் இன்றைய குத்தகை 2028 ஆட்டப் பருவத்தோடு முடிகிறது. 2018-இல் கொலம்பஸுக்குக் கைகொடுத்த சட்டத்தை 2025-இல் கிளீவ்லண்டுக்கு மறுக்க எது காரணம் என்று, ஒஹாயோவில் வாக்குரிமை உள்ளவராயின், உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள். அவர் தரும் பதிலை எனக்கும் அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.