புயல் எச்சரிக்கை வந்தால் மகளை விடுதியிலிருந்து கூட்டிவந்துவிடலாமா?

கேள்வி: என் மகள் ராமநாதபுரம் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறாள். விடுதி மாடியில் நின்றால் கடல் தெரியும். நாங்கள் கமுதிப் பக்கம். பாம்பனில் 3ஆம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று டிவியில் சொன்னாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. உடனே போய்க் கூட்டிவந்துவிடலாமா? இன்னொன்று, இரவு எட்டரைக்கு விடுதியின் கிரில் கேட்டைப் பூட்டி, வார்டன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாராம். அது சரிதானா? 'பேரிடர் பாதுகாப்புப் பயிற்சி, சான்றிதழுடன்' என்று தலைக்கு 1,200 ரூபாய் வேறு கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: (ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்)

அம்மா, நீங்கள் புயலை முதலில் கேட்டு, பூட்டை இரண்டாவதாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பூட்டுதான் பெரிய பயம். ஆனாலும் உங்கள் வரிசையிலேயே வருகிறேன்.

கூண்டு கடலில் இருப்பவர்களுக்காக ஏற்றுவது. 1, 2 என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகப் பகுதியிலேயே காற்றும் மழையும் பலக்கலாம். ஐந்திலிருந்துதான் அபாயம், எட்டிலிருந்து பத்து வரை பெரும் அபாயம். அதிலும் 5, 6, 7 ஒன்றைவிட ஒன்று பெரியது இல்லை. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்று காட்டும் எண்கள் அவை. வடகடலுக்கும் (பாக் நீரிணை) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) படகு எடுக்கிறவர்கள் அதைப் பார்க்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது நம் மாவட்டத்துக்கு வானிலை மையம் சொல்லும் நிறத்தை. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். மழைக்குச் சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டலாம் என்று பொருள். புயல் என்று பேர் வைத்தால்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்ததே, அன்றைக்கு எந்தப் புயலுக்கும் பேர் கிடையாது.

கூட்டிவருவதா வேண்டாமா என்பதற்கு ஒரே கணக்குதான். ஆரஞ்சு சொல்லியாயிற்று, கல்லூரி விடுமுறை விட்டாயிற்று, பகல் பொழுது மிச்சமிருக்கிறது, பஸ் ஓடுகிறது என்றால் போய்க் கூட்டிவாருங்கள். காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் நீங்களும் கிளம்பாதீர்கள், அவளையும் கிளம்பச் சொல்லாதீர்கள். புயலின் மோசமான வானிலை கரையைத் தொட 48 மணி நேரம் இருக்கும்போதே கடலோரத்துக்கு உஷார் எச்சரிக்கை விடுவது வானிலைத் துறையின் நடைமுறை. அந்த இரண்டு நாளுக்குள் முடிவெடுங்கள். கடைசி ஆறு மணி நேரத்தில் மனசு கேட்காமல் வண்டி பிடித்துப் போகிறவர்களைத்தான் நாங்கள் வேரோடு சாய்ந்த மரத்துக்கடியிலிருந்து எடுத்திருக்கிறோம். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயில் அப்படியே கடலோடு போனது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ரயிலில் இருந்தவர்களும் வழியில்தான் மாட்டினார்கள். கான்கிரீட் கட்டடத்தின் முதல் மாடி, பேருந்து நிலையத்தைவிடவும் சாலையைவிடவும் பத்திரமான இடம்.

இதில் கல்லூரிகள் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. ஆட்சியர் விடுமுறை அறிவிப்பது வகுப்புகளுக்கு. அதைச் சாக்காக வைத்து, காலை பத்து மணிக்கு நோட்டீஸ் ஒட்டி, பன்னிரண்டு மணிக்குள் விடுதியைக் காலி செய்யச் சொல்கிறார்கள். கொட்டும் மழையில் பை, பெட்டியோடு பிள்ளைகள் ஈசிஆரில் நிற்கிறார்கள். பொறுப்பு கை மாறிவிட்டது என்ற நிம்மதி நிர்வாகத்துக்கு. அப்படிச் சொன்னால் போக முடியாது என்று சொல்லும் உரிமை உங்கள் மகளுக்கு உண்டு. நீங்களும் 1077க்கு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு, போன் செய்து சொல்லுங்கள்.

விடுதிக்குள் இருக்கும்போது கண்ணாடி ஜன்னல் பக்கம் படுக்க வேண்டாம். தரைத்தளத்துப் பிள்ளைகள் முதல் மாடிக்குப் போய்விட வேண்டும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், காற்று தள்ளினால் தண்ணீர் சீக்கிரம் ஏறி வரும். காற்று திடீரென்று அடங்கினால் வேடிக்கை பார்க்க வெளியே வரக்கூடாது. புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் அடங்கும், பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து அடிக்கும். கீழே தண்ணீர் புகுந்தால் மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று என்று உறுதியாகும்வரை யாரும் அதில் கால் வைக்கக்கூடாது. புயலுக்கு இவ்வளவு போதும்.

இப்போது பூட்டு.

புயல் இரண்டு நாள் முன்னே சொல்லிவிட்டு வரும். தீ சொல்லாது. விடுதி என்றால் வாட்டர் ஹீட்டர் கம்பி, கெட்டில், ஒரே பிளக்கில் நாலு சார்ஜர், கீழே மெஸ்ஸில் கேஸ். எதிலாவது ராத்திரி இரண்டு மணிக்குப் பற்றினால் முதலில் புகைதான் மாடிப்படி வழியாக ஏறும். பிள்ளைகள் இறங்கி ஓடிவந்து நிற்கிற இடம் அந்த கிரில் கேட். சாவி வார்டன் வீட்டில்.

ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. நம் மாவட்டம்தான். மனநலக் காப்பகம் என்ற பெயரில் போட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். ஓட முடிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். கட்டி வைத்தவர்கள் சொன்ன காரணமும் 'பாதுகாப்பு'தான். அந்த வார்த்தையை வைத்து யாராவது ஒரு கதவைப் பூட்டினால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

பெண் பிள்ளைகள் இருக்கும் இடம், பூட்டாமல் எப்படி என்று கேட்பீர்கள். வெளியே இருந்து யாரும் திறக்க முடியாது, உள்ளே இருந்து யாரும் திறக்கலாம்: கதவு இப்படி இருக்க வேண்டும். அவசர வழிக் கதவு உள்ளே இருப்பவர்களுக்குச் சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பே சொல்கிறது. நெஞ்சு உயரத்தில் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு, தள்ளினால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கூடவே ஒரு மணியும் மாட்டிவிட்டால் ராத்திரி யார் திறந்தாலும் வார்டன் அறையில் அடிக்கும். இதுபோதும். கதவுக்கு வெளியே ஆள் காவல் இருக்கட்டும், உள்ளே பூட்டு வேண்டாம்.

சாவியை உள்ளேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், அவசரத்துக்கு உடைத்து எடுக்கலாம் என்று கல்லூரி பதில் சொல்லும். சில இடங்களில் பழைய கட்டடம், கதவை மாற்ற உடனே பணமில்லை என்பார்கள். அதுவரைக்கும் இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று சொல்கிறேன். பெட்டி கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வராண்டாவின் அந்தக் கோடியில் இல்லை. புகையில் குனிந்து வருகிற பெண்ணின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். உடைக்க ஒரு சின்னச் சுத்தி அங்கேயே சங்கிலியில் தொங்க வேண்டும். பெட்டியில் ஒரே ஒரு சாவிதான் இருக்க வேண்டும்.

ஏன் ஒரே சாவி என்கிறேன்? ஒரு விடுதியில் ஒத்திகைக்குப் போயிருந்தேன். வார்டன் அம்மா கொத்தை எடுத்தார். முப்பது சாவிக்கு மேல், எதிலும் எழுத்தில்லை. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார், கை நடுங்குகிறது, பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு திறக்க நாலு நிமிஷத்துக்கு மேல் ஆனது. அது ஒத்திகை, புகை இல்லை, கரண்ட் இருந்தது.

இன்னொரு விடுதியில் கண்ணாடிப் பெட்டி எல்லாம் லட்சணமாக இருந்தது. உடைத்தோம், சாவியை எடுத்தோம், பூட்டில் போட்டால் நுழையவே இல்லை. விசாரித்தால், உப்புக்காற்றில் பழைய பூட்டு துருப்பிடித்து இறுகிப்போனதால் போன வருஷம் புதுப் பூட்டு வாங்கினார்களாம். பெட்டியில் இருந்தது பழைய பூட்டின் சாவி. யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் கடலோரத்தில் பூட்டின் ஆயுசு அவ்வளவுதான். அதனால் மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சாவியாலேயே அந்தப் பூட்டைத் திறந்து பார்க்க வேண்டும், கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிற நிர்வாகம் கதவையே மாற்றிவிடும் என்பது என் அனுபவம்.

இனி உங்கள் 1,200 ரூபாய். கட்டாதீர்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குக் கல்லூரி முதல்வர் ஒரு கடிதம் கொடுத்தால் நிலைய அலுவலர் ஆட்களோடு வந்து செய்து காட்டுவார். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் நாங்களே கல்லூரி கல்லூரியாகப் போவோம். மாணவிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற பழக்கம் துறையில் கிடையாது. தலைக்கு வசூல் என்றாலே நடுவில் ஓர் ஏஜென்ட் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டுவார், பளபளக்கும் அட்டையில் ஒரு சான்றிதழ் தருவார். அந்தச் சான்றிதழ் எந்த கேட்டையும் திறக்காது.

இதே ஆட்கள்தான் ஃபயர் சிலிண்டர் ரீஃபில் என்றும் வருவார்கள். பையில் ஸ்டிக்கர் கட்டு இருக்கும். பழைய ஸ்டிக்கர் மேல் புதிய தேதி போட்டு ஒட்டிவிட்டு பில் கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே பவுடர் அப்படியே கட்டிதட்டிக் கிடக்கும். வாங்குகிற கல்லூரிக்கும் பில்தான் வேண்டும், ஆய்வுக்கு வருகிறவருக்கும் தேதிதான் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் பணியில் இருந்தபோது இதைப் பற்றி எத்தனையோ குறிப்பு எழுதினேன். கோப்பு மேலே போகும், விளக்கம் கேட்டுத் திரும்பி வரும், மறுபடி மேலே போகும். அதற்குள் அடுத்த வருஷத்து ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிடும்.

இதை உங்கள் மகளே பார்க்கலாம். அழுத்தம் காட்டும் கேஜில் முள் பச்சைக்குள் நிற்கிறதா? குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா? சிரிக்க வேண்டாம், பாதி விடுதிகளில் கட்டியிருக்கும். அடிப்பாகம், தரையோடு ஒட்டுகிற வட்டம், துருவேறி உப்பியிருக்கிறதா? துரு ஏறியதை யாரும் தொடக்கூடாது, அழுத்தத்தில் அடிப்பாகம் பிய்த்துக்கொள்ளும். நல்லதாக இருந்தால் கைப்பிடியில் உள்ள சேஃப்டி பின்னைத் தொடாமல் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கட்டும், பவுடர் உள்ளே மணல் மாதிரிச் சரிவது கையில் தெரியும். தெரியவில்லை என்றால் அது வெறும் சிவப்பு டப்பா. கல்லூரிக்கு ஒரு யோசனை: ரீஃபிலுக்கு அனுப்புமுன், துருவேறாத பழைய சிலிண்டர்களை மைதானத்தில் மாணவிகள் கையாலேயே அடித்துக் காலி செய்யச் சொல்லுங்கள். பயிற்சியும் ஆயிற்று, காலியான சிலிண்டருக்கு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி ஏமாற்றவும் முடியாது. காலியாகக் கொடுத்ததை எடைபோட்டு வாங்கினால் போதும்.

ஒத்திகை நடந்ததா என்று கேட்டால் போட்டோ காட்டுவார்கள். காலை பதினோரு மணி, எல்லாக் கதவும் திறந்திருக்கும், முன்கூட்டியே சொல்லிவைத்து வரிசையாக இறங்கி வந்திருப்பார்கள். மேலே அனுப்ப அந்தப் படம் போதும். பல்கலைக்கழக மானியக் குழு 2015இலேயே மாணவர் பாதுகாப்புக்கென்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரிகிற சுற்றுச்சுவரும் கேமராவும் எல்லா இடத்திலும் வந்துவிட்டன. ராத்திரி ஒத்திகை நடத்திய விடுதியை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். பூட்டிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, ஒருமுறை நடத்தினால்தான் எது திறக்கும் எது திறக்காது என்று தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போகும்போது இரண்டு, மூன்று பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போனால், உங்கள் பெண்ணுக்கு மட்டும் என்ன பயம் என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். வார்டனிடம் கோபமாகப் பேசாதீர்கள். பாவம், பூட்டச் சொன்னது அவர் இல்லை, பூட்டாமல் ஏதாவது நடந்தால் வேலை போவது அவருக்கு. முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலை உங்கள் கையிலேயே அருகிலுள்ள தீயணைப்பு நிலைய அலுவலரிடம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் இதை மட்டும் எழுதுங்கள்: "இரவு விடுதியின் வெளிக்கதவு பூட்டப்படுகிறது. உள்ளே இருக்கும் மாணவிகள் சாவியில்லாமல் திறக்கும்படி அதை மாற்றித்தர வேண்டுகிறோம். மாற்றும்வரை சாவி எங்கே இருக்கும், யார் திறப்பார்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஓர் இரவு ஒத்திகையை, தீயணைப்பு நிலையத்தாரை வைத்து, நடத்தித்தரவும்."