ஒன்பது லட்சம் கொடுத்து இன்ஜினீயரிங் சேர்க்கலாமா?

கேள்வி: என் கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். மகள் எட்டாவது வரை அரசுப் பள்ளியிலும், பிறகு மெட்ரிக் பள்ளியிலும் படித்து, பிளஸ் டூவில் 200-க்கு 142 கட் ஆஃப் எடுத்திருக்கிறாள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு 9 லட்சம் ஆகுமாம். லோனும் அவரே ஏற்பாடு செய்வாராம். 10,000 ரூபாய் முன்பணமும் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுத்துவிட்டோம். மூத்த மகன் பாலிடெக்னிக் முடித்து ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கிறான். இவ்வளவு கடன் வாங்கிப் படிக்க வைப்பது தகுமா? – ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகள் படிக்கட்டும், கடன் வாங்கியும் படிக்கட்டும். ஆனால் அந்த மனிதர் காட்டும் இடத்துக்கு 9 லட்சம் தகாது. வங்கியில் பல ஆண்டுகள் கல்விக் கடன் மனுக்களைப் பார்த்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கி கொடுப்பது பொதுவாக 7.5 லட்சம் வரைதான், மீதி 1.5 லட்சத்துக்கு நகையோ வட்டிக்காரரோதான் கதி. 7.5 லட்சத்தை நான்கு ஆண்டுகளில் சமமாகப் பிரித்து வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் முடியும்போது தனிவட்டி மட்டும் 2,62,500 ரூபாய் சேர்ந்திருக்கும். அதையும் அசலோடு கூட்டிப் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 13,400 ரூபாய். மொத்தமாக நீங்கள் கட்டி முடிப்பது 16 லட்சம். சாதாரணக் கல்லூரியில் படித்துவிட்டுப் பெங்களூரில் முதல் வேலைக்குப் போகும் பெண், அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக இந்தத் தொகையை மாதாமாதம் எடுத்து வைப்பது எளிதல்ல. தவணை தவறினால், உடன் கையெழுத்துப் போட்ட உங்கள் கணவரின் பெயரும் கடன் தகவல் பதிவில் கெட்டுவிடும்.

இனி அந்த இடைத்தரகர். இவர்களுடைய வேலை எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ரிசல்ட் வந்த மறுநாளே போன் வரும். 'சீட் முடியப் போகிறது' என்பார்கள். பிள்ளை மனம் மாறிவிடக் கூடாது என்பதற்காக ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சீட் முடியப் போகிறது என்பது பொய். ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடிந்த பிறகும் இந்த மாநிலத்தில் பல்லாயிரம் பொறியியல் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. அதற்காகவே துணைக் கலந்தாய்வும் நடக்கிறது. ஒரு முறை பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார், மஞ்சள் பையிலிருந்து மூன்று நகை அடகுச் சீட்டுகளையும், பள்ளி நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாளையும் எடுத்து என் மேசைமேல் வைத்தார். அந்தத் தாளில் 'சேவைக்காக 60,000 பெற்றேன்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. கல்லூரிப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. அதை வைத்து நான் என்ன கடன் கொடுக்க முடியும்? நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்க, இவர்கள் ரயில் நிலையத்துக்கு வெளியே விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

உங்கள் மகள் பொதுக் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யட்டும். வேலூர் பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியை முதல் விருப்பமாக வையுங்கள். அங்கே எந்தப் பாடப்பிரிவு கிடைத்தாலும் லாபம். அது கிடைக்காவிட்டால் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தனியார் கல்லூரிகளைத் தேர்வு செய்யுங்கள். 142-க்கு அப்படிப்பட்ட கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும் என்பதால், உங்கள் மகளுக்கு அது வராது.

ஆனால் முதல் பட்டதாரி சலுகை வரும். இதில் பலர் ஏமாறுவதால் விரிவாகச் சொல்கிறேன். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால், கலந்தாய்வு வழியே சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை தருகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. உங்கள் மூத்த மகன் படித்தது டிப்ளமோ. டிப்ளமோ பட்டயம், பட்டம் அல்ல. ஆகவே அவர் கல்லூரிக்குப் போனவர் என்ற காரணத்தால் தங்கையின் உரிமை போய்விடாது. அவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து இந்தச் சலுகையை ஏற்கெனவே வாங்கியிருந்தால்தான் சிக்கல். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதோ கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போதோ 'அண்ணன் காலேஜ் படித்தவர்தானே' என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். டிப்ளமோ சான்றிதழின் நகலைக் காட்டி, இது பட்டம் அல்ல என்று சொல்லுங்கள். சரிபார்க்க வேண்டியவர்களே விதியைப் படிக்காமல் இருப்பதால் எத்தனை பிள்ளைகள் இந்தச் சலுகையை இழந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்படிச் சேர்ந்தால், வீட்டிலிருந்தே போய்வரும் பிள்ளைக்கு 3 லட்சம் கடன் பெரும்பாலும் போதுமானது. 4 லட்சம் வரை ஆள் ஜாமீனும் தேவையில்லை, கைப்பணமும் போட வேண்டாம். அதே 10 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 5,350 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியோ பாடப்பிரிவோ தேசியத் தர அங்கீகாரம் பெற்றிருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசே கட்டும். தவணை 4,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து இதை நீங்களேதான் கேட்க வேண்டும். கேட்காதவருக்குச் சொல்லும் வழக்கம் பல கிளைகளில் இல்லை. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்; நடுவில் ஆள் தேவையில்லை. மேலாளர் வைப்புத்தொகை போடச் சொன்னாலோ, இன்சூரன்ஸ் எடுத்தால்தான் கடன் என்றாலோ, மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக அந்த மார்க் ஷீட்டை வாங்குங்கள். கல்லூரிகளே ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. தரகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? உங்கள் கணவரும் மூத்த மகனும் சேர்ந்து போகட்டும். 10,000 ரூபாயைப் பற்றிய பேச்சை முதலில் எடுக்க வேண்டாம். மார்க் ஷீட் கைக்கு வந்த பிறகு கேட்கலாம். தர மறுத்தால் அன்றைக்கே உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதற்கான ரசீதையும் மறக்காமல் வாங்கி வாருங்கள்.