கொட்டை வாழையை ஏன் வெட்டினீர்கள்?

ஐயா,

பகாவில் எங்கள் கொல்லையில் அப்பா வைத்த ரஸ்தாளி முழுக்க வாடல் நோயில் போய்விட்டது. நோய் தாங்கும் புது ரகம் உண்டாக்க நல்ல மகரந்தம் வேண்டும் என்று படித்தேன். விதையே இல்லாத வாழைக்கு மகரந்தம் எதற்கு? ரஸ்தாளிக்குப் பதில் எதை நடலாம்? ஓடையோரம் நின்ற கொட்டை வாழைகளையும் ஆள்விட்டு வெட்டிவிட்டேன். அவை எதற்கும் உதவாதவை.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா வைத்த மரம் கண்ணெதிரே சாய்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாடல் நோயைத் தரும் பூஞ்சை மண்ணில் பல வருடம் கிடக்கும், அதே இடத்தில் ரஸ்தாளி வேண்டாம். எதை நடுவது என்பதை விவசாய இலாகாவில் கேளுங்கள்.

ஆனால் கடைசி வரி! படித்ததும் கோபம் வந்துவிட்டது.

சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இதே வாழை நின்றது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகுமுன் பாட்டி இருட்டோடு இலை அறுக்கப் போவாள். வவ்வால் வந்து போன பூவைத் தொட்டு, விரலில் ஒட்டிய பொடியை என் கன்னத்தில் தடவுவாள். பழத்தைக் கடித்தால் மிளகு மாதிரி கறுத்த கொட்டைதான். "பழம் வவ்வாலுக்குடா, இலை நமக்கு" என்பாள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது இயந்திரம் அதையும் வாரிக்கொண்டு போனது. பாட்டி அன்று சாப்பிடவில்லை.

அந்தப் பொடிதான் தம்பி, நீங்கள் கேட்ட மகரந்தம். நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம், அதாவது மரபணுவைச் சுமக்கும் இழை, மூன்று தொகுதி, மொத்தம் 33. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது, அதனால் மகரந்தம் சப்பையாகிவிடுகிறது. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் நல்ல மகரந்தம் சிவந்து உருண்டிருக்கும், சப்பை வெளிறிக் கிடக்கும். காய் மட்டும் மகரந்தம் படாமலே பருத்துவிடும். சில ரகங்களில் சூலில் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கும். புது ரகத்துக்குத் தாய் அங்கே கிடைப்பாள். தகப்பன்? உயிருள்ள மகரந்தம் பெரும்பாலும் இரண்டு தொகுதி வாழைகளில்தான். கொட்டை வாழை அந்த வகை.

1920களில் டிரினிடாடிலும் ஜமைக்காவிலும் பனாமா வாடல் எனப்படும் இதே பூஞ்சை நோய்க்குப் பயந்து கலப்பின வேலையைத் தொடங்கினார்கள். ஜமைக்காவின் போடில்ஸ் ஆல்டாஃபோர்ட் ரகத்துக்குத் தாய், குரோ மிஷேல் என்ற மூன்று தொகுதி வாழை. தகப்பன் யார் தெரியுமா? நம் மலாய் மண்ணின் பீசாங் லிலின். தாயின் 33 அப்படியே வர, தகப்பனின் 11 சேர்ந்து 44 ஆனது. அவ்வளவு தூரம் போய்ப் பிள்ளை பெற்ற மகரந்தம் நம்மூருடையது!

உலகச் சந்தையில் அதிகம் விற்கும் கேவண்டிஷ் வாழை தாயாவதும் மிக அரிது. 1990களில் இந்த மலாய்த் தீபகற்பத்தில் கேவண்டிஷ் தோட்டங்களைச் சாய்த்த டிஆர்4 என்ற வாடல் வகைக்கு எதிரான மரபணு, மலாக்காவின் பெயரைத் தாங்கிய மலாக்சென்சிஸ் என்ற காட்டுவாழையில்தான் இருந்தது. மகரந்தம் வழியே கொடுக்க வழியில்லாமல், ஆஸ்திரேலியாவில் அந்த மரபணுவை மட்டும் எடுத்துக் கேவண்டிஷுக்குள் வைத்தார்கள். 2024இல் அந்தக் கேவண்டிஷுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. மரபணு கொடுத்த அந்தக் காட்டுவாழையும் கொட்டை நிறைந்த வாழைதான் தம்பி, வாயில் வைக்க முடியாதது. நீங்கள் வெட்டியது எந்த வகை என்று பார்த்தீர்களா? பழத்தை மட்டும் பார்த்தீர்கள்.

சரி, கிழங்கைத் தோண்டவில்லை என்றால் மறுபடி துளிர்க்கும். களைக்கொல்லி அடிக்கவில்லையே? நாளைக் காலை போய்ப் பாருங்கள். குருத்து வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.