இயர்போனில் பேஸ் இல்லையா? முதலில் காதுக்குள் போகிற ரப்பர் முனையை (டிப்ஸ்) மாற்றிப் பாருங்க

ஏனுங்க, 800 ரூபாய் இயர்போனில் பேஸே (‘தும் தும்’னு கேட்கிற அடி ஒலி) இல்லை, ஈரோட்டிலிருந்து திருப்பூர் போகிற பஸ்ஸில் வலது பக்கம் கழன்று விழுகிறது என்கிறீங்க. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், காது சரியாக அடைபடவில்லை. துளியூண்டு சந்து இருந்தாலும் பேஸ்தான் முதலில் போய்விடும், ஈக்வலைசரில் (ஒலியைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) பேஸை ஏற்றியும் பிரயோஜனமில்லை. பெட்டியில் வந்த பெரிய ரப்பர் டிப்ஸை வலது காதுக்கு மட்டும் போட்டுப் பாருங்க. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கணும்னு இல்லை, எனக்கே இடதுக்கு மீடியம், வலதுக்குப் பெரிசு. மாட்டும்போது மறு கையால் காது மடலை மேலே, பின்பக்கமாக இழுத்துப் பிடித்து லேசாகத் திருகி உள்ளே விடுங்க. ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிவிட்டால் பஸ் குலுக்கலில் இழுபடாது. அப்புறமும் நிற்கலைன்னா பஞ்சு மாதிரி அமுங்குகிற ஃபோம் டிப்ஸ் வாங்குங்க, என்ன, நம்மூர் வெயிலில் வியர்த்தே சீக்கிரம் வீணாகும்.