4 பேர், 10 வாரம், ஒரு பின்ன விளையாட்டு

கேள்வி: நாங்கள் இறுதியாண்டு கணினி அறிவியல் மாணவர்கள், 4 பேர். 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் கற்றுத்தரும் வீடியோ கேமை கோடோ 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்கிறோம். 14 வாரத்தில் 4 வாரம் போய்விட்டது. மெனுவும் ஓடிக் குதிக்கும் ஒரு கதாபாத்திரமும் தயார். நடுநடுவே கேள்வி வரும். 12 நிலைகள் போடத் திட்டம். உண்மையில் இருவர்தான் வேலை செய்கிறோம். ஒருவர் மாற்றியதை இன்னொருவரின் மாற்றம் அழித்துவிடுகிறது. எப்படி முடிப்பது?

பதில்: முதலில் 12 நிலைகளை 3 ஆக்குங்கள். அடுத்து, அந்தக் கேள்விகளைத் தூக்கிவிடுங்கள். ஓடிக் குதிப்பதற்கும் பின்னத்துக்கும் தொடர்பில்லாதபோது, பிள்ளை கேள்வியை வழிமறிக்கும் கதவாகத்தான் பார்க்கும். நான்கு விடைகளையும் வரிசையாகத் தட்டித் தாண்டிவிடும்.

8 என்பது 4ஐவிடப் பெரியது, அதனால் 1/8 என்பது 1/4ஐவிடப் பெரியது என்பது இந்த வயதில் பரவலான தவறு. அந்த ஒன்றை மட்டும் குறிவையுங்கள். ஓர் ஓடை, அதில் 3/4 அளவு இடைவெளி, கையில் 1/2, 1/4, 1/8 பலகைகள். 1/2ஐ வைத்துவிட்டு, பெரியது என்று நம்பி 1/8ஐ எடுத்தால் பாலம் எட்டாது. ‘தவறு’ என்று திரையில் எழுதவே வேண்டாம். வட்டத்தைவிட நீளப் பலகை நல்லது; வட்டத்தை 3 அல்லது 5 சம பங்காகக் கண்ணால் மதிப்பிடுவது பிள்ளைகளுக்குக் கடினம்.

5ஆம் வாரம் கணினியைத் தொடாதீர்கள். அட்டையில் பலகைகளை வெட்டி இரண்டு பிள்ளைகளிடம் விளையாடக் கொடுங்கள். அட்டையில் பிடிக்காதது திரையிலும் பிடிக்காது. 6, 7இல் முதல் நிலை, 8இல் பள்ளிச் சோதனை, 9, 10இல் மற்ற இரு நிலைகள், 11இல் மறுசோதனை. 12ஆம் வாரம் முதல் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. அப்போதுதான் யாருக்காவது ‘சூப்பர் ஐடியா’ வரும். தாளில் எழுதி மடித்து வையுங்கள்.

ஒருவர் செய்த மாற்றம் அழிந்துபோவதற்குக் காரணம், இருவர் ஒரே சீன் கோப்பை (விளையாட்டின் ஒரு பகுதியை கோடோ சேமிக்கும் கோப்பு) திறந்து வேலை செய்வது. பலர் செய்யும் மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்தினாலும் அங்கே மோதல் வரும். அதைக் கையால் சரிசெய்யப் போனால் சில நேரம் சீனே திறக்காது. பாலம், பலகை, ஒவ்வொரு நிலை எனத் தனித்தனி சீன்களாகப் பிரியுங்கள்; ஒரு சீனை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொட வேண்டும். கோடோ தானாக உருவாக்கும் ‘.கோடோ’ கோப்புறையை கிட்டில் ஏற்றாதீர்கள்.

வேலை செய்யாத இருவரைத் திட்டிப் பயனில்லை. நிரல் தெரியாதவர் கைவைக்க முடியாதபடி எல்லாம் நிரலுக்குள் கிடந்தால் அவர் ஒதுங்கத்தான் செய்வார். இடைவெளி அளவுகளையும் பலகைப் பட்டியலையும் சிஎஸ்வி கோப்பில் (எக்செல் போன்றவற்றில் திறந்து திருத்தக்கூடிய எளிய அட்டவணை) வையுங்கள். ஒருவர் அதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். (கோடோ சிஎஸ்வியை மொழிபெயர்ப்புக் கோப்பாக எடுத்துக்கொள்ளும். இம்போர்ட் பகுதியில் ‘கீப் ஃபைல்’ என்று மாற்றுங்கள்.) இன்னொருவருக்குப் படம், ஒலி, அவற்றின் உரிமப் பட்டியல், பள்ளி அனுமதி. வாரம் ஒரு நாள், செய்தவர் அல்லாத வேறொருவர் கணினியில் ஓடினால்தான் அந்த வேலை ‘முடிந்தது’.

பிரவுசரில் ஓட்டுவதாக இருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைத் திட்டத்துக்குள்ளேயே சேருங்கள். உங்கள் கணினியில் விண்டோஸ் எழுத்துரு கைகொடுப்பதால் தமிழ் தெரிகிறது. பிரவுசரில் வெறும் கட்டங்களாக வரும். கோடோவில் திரைக்குப் படம் வரையும் பகுதியான ரெண்டரரை ‘கம்பாட்டிபிலிட்டி’யில் வையுங்கள். பிரவுசருக்கு அது கட்டாயம், பள்ளிகளின் பழைய கணினிகளுக்கும் அதுதான் ஒத்துவரும்.

சோதனைக்கு 5 பிள்ளைகள், ஆளுக்கு 15 நிமிடம் போதும். தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதி வாங்குங்கள். பெயர்களுக்குப் பதில் எண் போடுங்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார, ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும். ‘அதை அழுத்து’ என்று வாய் திறந்தால் அந்தச் சோதனை வீண். விளையாடும் முன்னும் பின்னும் தாளில் 6 கேள்விகள், எண்களை மட்டும் மாற்றி: 1/3, 1/5இல் எது பெரியது? 3/8, 3/5இல்? அறிக்கையில் ‘60 சதவீதம் முன்னேற்றம்’ என்று எழுதாதீர்கள், ‘5 பேரில் 3 பேர்’ என்றே எழுதுங்கள். சதவீதம் போட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.