கோபுரமும் ஆரைச்சிறைகளும்: கேள்வி பதில்

யாழ்ப்பாண வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, கைத்தொலைபேசி வலையமைப்புத் திட்டமிடலில் அனுபவமுள்ள ஒருவர் பதிலளிக்கிறார்.

கோண்டாவில், உயர்தர மாணவி: ஐயா, எல்லாத் திசைக்கும் ஒரே அன்ரனா போதாதா? கோபுரத்தின் மூன்று பக்கங்களிலும் ஏன் நீண்ட பெட்டிகள் இருக்கின்றன?

பாவனையாளர் குறைந்த இடத்தில் ஒன்றே போதும். ஆனால் எல்லாத் திசைக்கும் பேசும் அன்ரனா எல்லாத் திசையிலிருந்தும் வரும் தலையீட்டையும் வாங்கிக்கொள்கிறது. ஏழு கலங்களுக்கு (கலம் என்பது ஒரு நிலையம் சேவை வழங்கும் பரப்பு) ஒருமுறை அதே மீடிறனைத் திரும்பப் பயன்படுத்தும் அமைப்பில், அதே மீடிறனைக் கொண்ட மிக அருகிலுள்ள ஆறு கலங்கள் இடையூறு செய்யும். கலத்தை விசிறி போன்ற மூன்று 120 பாகை ஆரைச்சிறைகளாகப் பிரித்தால் அவை இரண்டாகக் குறைகின்றன. ஆகவே அதே மீடிறனை இன்னும் நெருக்கமாகப் பயன்படுத்த முடிகிறது.

சாவகச்சேரி, தொழினுட்ப மாணவர்: 120 பாகைக்கு 65 பாகை அன்ரனாவைப் பூட்டுவது ஏன்?

65 பாகை என்பது வலு அரைவாசியாகும் இரு விளிம்புகளுக்கு இடைப்பட்ட அகலமே. அதற்கு அப்பாலும் கற்றை தொடர்கிறது. நடுத்திசையிலிருந்து 60 பாகை விலகிய எல்லையில் வலு ஏறத்தாழப் பத்திலொன்றாகிவிடுவதால், அயல் ஆரைச்சிறையோடு மேற்பொருந்தும் பகுதி அளவோடு நிற்கிறது.

நல்லூர், கடை உரிமையாளர்: திருவிழாவின் 25 நாட்களும் அழைப்பெடுப்பது சிரமம். ஆறாகப் பிரித்தால் தீராதா?

பிரிப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய குரல் வலையமைப்பில் 57 தடங்களை (ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஓர் அழைப்பு) ஒரே தொகுதியாக வைத்தால், நூற்றில் ஓர் அழைப்பு மட்டும் மறுக்கப்படும் நிலையில், ஏறத்தாழ 44 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 44 அழைப்புகள் கொண்ட போக்குவரத்தைத் தாங்கலாம். அவற்றையே 19 தடங்கள் கொண்ட மூன்று தொகுதிகளாக்கினால் மொத்தம் 34 எர்லாங்கைக்கூட எட்டாது, ஏனெனில் ஒரு பக்கம் நிரம்பி வழியும்போது மறுபக்கத்தில் சும்மா கிடக்கும் தடம் உதவாது. 4ஜியில் ஒவ்வோர் ஆரைச்சிறையும் முழு மீடிறன் பட்டையையும் பயன்படுத்துவதால் இவ்விழப்பு பெரிதல்ல, எனினும் எல்லைகள் கூடக்கூட ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் கைமாற்றங்களும் எல்லையோரத் தலையீடும் கூடும். சனமெல்லாம் கோயில் வீதியில் திரளும்போது மற்றப் பக்கங்களைப் பிரிப்பதில் பயனில்லை; அந்த வீதியை நோக்கியே ஒரு குறுகிய கற்றையையோ தற்காலிக நிலையத்தையோ அமைப்பதுதான் என் பரிந்துரை.

வேலணை, கடற்றொழிலாளர்: பண்ணைக் கடலில் சிக்னல் முழுதாகக் காட்டியும் அழைப்பு அறுந்துவிடுகிறதே?

இது நமது குடாநாட்டுக்கு மிகவும் பொருத்தமான கேள்வி. தட்டையான நிலத்திலும் நீர்ப்பரப்பிலும் மறிப்பதற்கு எதுவும் இல்லாததால் தொலைவிலுள்ள ஆரைச்சிறை ஒன்று தன் எல்லையைத் தாண்டி வந்து விழலாம். கோபுரம் கூடிய வலுவில் அனுப்புவது உங்களுக்குக் கேட்கிறது. உங்கள் கைத்தொலைபேசியோ ஏறத்தாழ 0.2 வாற்றில்தான் பதில் அனுப்புவதால் அது கோபுரத்தை எட்டாமல் போகலாம். மேலும், அந்த ஆரைச்சிறையின் அயற்பட்டியலில் (அழைப்பைக் கைமாற்றக்கூடிய அயற்கலங்களின் பட்டியலில்) உங்கள் கரையோரக் கலம் இல்லாவிட்டால் கைமாற்றமும் நிகழாது. இதற்கு மருந்து அன்ரனாவைக் கீழ்நோக்கிச் சாய்ப்பதே. 30 மீற்றர் உயரத்தில் 1 பாகை சாய்வில் கற்றையின் நடு ஏறத்தாழ 1.7 கிலோமீற்றரிலும், 3 பாகையில் 570 மீற்றரிலும் தரையைத் தொடும். அறுந்த இடத்தையும் நேரத்தையும் கைத்தொலைபேசி காட்டும் கல இலக்கத்தையும் குறித்துச் சேவை வழங்குநரிடம் கொடுங்கள். எந்த ஆரைச்சிறையைச் சாய்ப்பது என்று அவர்கள் அதைக்கொண்டே கண்டறிவார்கள்.