டிஷ்ஷில் உள்ளூர் சேனல் நின்றுபோனால் என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்காவில் பிலடெல்பியாவின் புறநகர் ஒன்றில், அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் டிஷ் இணைப்பில் உள்ளூர் சேனல் ஒன்று திடீரென நின்றுவிட்டது. சேனலின் உரிமையாளர் அதிகப் பணம் கேட்கிறார் என்ற அறிவிப்பு மட்டும் திரையில் வருகிறது. சேனல்காரர்களோ டிஷ் நிறுவனத்தின் மீது பழி போடுகிறார்கள். சுவரில் ஒட்டும் தட்டை ஆன்டெனா ஒன்றை வாங்கி மாட்டினோம். மற்ற சேனல்கள் வருகின்றன, நாங்கள் பார்க்கும் சேனல் மட்டும் வரவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். இது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான பணத் தகராறு. இத்தகைய தகராறுகள் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடுகின்றன, ஆனால் அவசரத்தில் நீங்கள் கையெழுத்திடும் புதிய ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகள் வரை உங்களைக் கட்டிப்போடக்கூடும்.

தகராறு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. அமெரிக்கச் சட்டப்படி, உள்ளூர் நிலையங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன: பணம் எதுவும் கேட்காமல் தங்களைக் கட்டாயம் ஒளிபரப்ப வேண்டும் என்று கோரலாம், அல்லது தங்கள் ஒப்புதல் இல்லாமல் ஒளிபரப்பக் கூடாது என்று சொல்லி, அந்த ஒப்புதலுக்கு விலை பேசலாம். பார்வையாளர்கள் அதிகமுள்ள நிலையங்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கின்றன. ஒப்பந்தம் முடியும் நாளில் விலை படியவில்லையென்றால், அந்த நிலையத்தை டிஷ் நிறுவனம் சட்டப்படி நிறுத்தியே ஆக வேண்டும். இரு தரப்பும் நல்லெண்ணத்துடன் பேச வேண்டும் என்பது விதி. ஆனால், சேனலை உடனே திருப்பிக் கொடுங்கள் என்று கட்டளையிடும் அதிகாரம் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு (எஃப்.சி.சி.) இல்லை. எனவே அங்கே புகார் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதால் உங்கள் சேனல் திரும்பி வராது.

எவ்வளவு நாள் நீடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. 2024 செப்டம்பரில் டிஷ் நிறுவனமான டைரக்ட் டிவிக்கும், ஏபிசி உள்ளிட்ட சேனல்களின் உரிமையாளரான டிஸ்னிக்கும் இடையே மூண்ட தகராறு இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. 2023 ஜூலை தொடக்கத்தில் அதே டைரக்ட் டிவியிலிருந்து, உள்ளூர் நிலையங்களை நடத்தும் நெக்ஸ்டார் குழுமத்தின் 150க்கும் மேற்பட்ட நிலையங்கள் விலகியபோது, செப்டம்பர் பாதி கடந்த பிறகுதான் அவை திரும்பின. அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கும் வேளையில் ரசிகர்களின் கோபம் இரு தரப்பையும் நெருக்கும் என்பதால், பல தகராறுகள் அந்தச் சமயத்தை ஒட்டியே வெடிக்கின்றன. பார்வையாளர்களைப் பணயமாக வைத்து நடக்கும் பேரம் இது; இதில் எந்தத் தரப்புக்கும் நான் பரிந்து பேசமாட்டேன்.

இனி ஆன்டெனாவைப் பார்ப்போம். உள்ளூர் நிலையங்கள் காற்றில் இலவசமாகவே ஒளிபரப்புகின்றன. எந்தத் தகராறும் அதைத் தடுக்காது. வாங்கியதில் தவறில்லை, வாங்கிய வகைதான் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். சேனலின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் பிலடெல்பியாவில் தட்டை ஆன்டெனாவுக்குப் பெரும்பாலும் சிக்காதது 6ஆம் எண்ணில் வரும் ஏபிசி நிலையம்தான். பெரும்பாலான நிலையங்கள் இன்று யு.எச்.எஃப். எனப்படும் குறுகிய அலைகளில் இயங்க, இந்த நிலையமோ உண்மையிலேயே 6ஆம் எண் அலையில், அதாவது வி.எச்.எஃப். எனப்படும் நீண்ட அலைகளின் கீழ் அதிர்வெண் பகுதியில் ஒளிபரப்புகிறது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். காகிதம் போன்ற சிறிய தட்டை ஆன்டெனா அதற்குப் போதாது.

இதற்கு ஏற்றது, பழைய காலத்து இரட்டைக் கம்பி ஆன்டெனா. விலையும் குறைவு. இரண்டு கம்பிகளையும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 85 செ.மீ. இருக்கும்படி முழுவதும் இழுத்து, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் விரித்து வையுங்கள். பிலடெல்பியாவின் முக்கியக் கோபுரங்கள் ராக்ஸ்பரோ பகுதியில் இருப்பதால், அந்தத் திசையை நோக்கிய ஜன்னலருகே, கம்பிகளின் அகலப் பக்கம் ராக்ஸ்பரோவைப் பார்க்குமாறு வைப்பது நல்லது. எல்.இ.டி. விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் இந்தக் கீழ் அலைகளில் இரைச்சலைக் கிளப்பும் என்பதால், அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இடத்தை மாற்றும்போதெல்லாம் டிவியின் மெனுவில் சேனல்களை மறுபடியும் ஸ்கேன் செய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே ஆன்டெனா பயனற்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, ஆன்டெனாவின் சமிக்ஞையை வலுவாக்கும் பெருக்கி தேவையில்லை, அது படத்தைக் கெடுக்கவும் கூடும். பெட்டியில் "150 மைல் தூரம்" என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பூமியின் வளைவு காரணமாக, வழக்கமான வீட்டு ஆன்டெனாவுக்கு அறுபது, எழுபது மைல்களுக்கு அப்பால் எட்டுவதே அரிது.

வெளியே வைத்தால் இன்னும் தெளிவாகக் கிடைக்கும். உங்கள் பால்கனி உங்கள் குடும்பம் மட்டுமே பயன்படுத்தும் இடம் என்றால், அங்கே ஆன்டெனா வைப்பதை வீட்டு உரிமையாளர் தடுக்க முடியாது, எஃப்.சி.சி. விதி வாடகைதாரர்களுக்கும் அந்த உரிமையைத் தருகிறது. பொதுக் கூரையிலும் பொதுச் சுவரிலும் அந்த உரிமை இல்லை, சுவரில் துளையிடவும் உரிமையாளரின் அனுமதி தேவை.

இணையவழியில் பார்ப்பதென்றால் நிலையத்துக்கு நிலையம் வழி வேறுபடும். உள்ளூர்ச் செய்தி மட்டும் போதும் என்றால், பல நிலையங்கள் தங்கள் செயலியில் அதை இலவசமாகவே காட்டுகின்றன. பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். நேரலைக்கு, சிபிஎஸ் சேனல் பாரமவுண்ட் பிளஸ் செயலியின் மேல் கட்டணத் திட்டத்திலும், என்பிசி சேனல் பீகாக் செயலியின் மேல் கட்டணத் திட்டத்திலும் கிடைக்கின்றன. யூடியூப் டிவி போன்ற முழுத் தொகுப்புகளில் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். ஆனால் அவையும் இதே தகராறுக்கு விலக்கல்ல: 2025 அக்டோபர் 30இல் டிஸ்னியின் சேனல்கள் யூடியூப் டிவியிலிருந்து போய், நவம்பர் நடுவில்தான் திரும்பின. மாறுவதால் மட்டும் இந்தத் தொல்லை தீராது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

கேள்வி: வராத சேனலுக்கும் சேர்த்து மாதாமாதம் பணம் கட்டுகிறோமே, அதைத் திரும்பக் கேட்கலாமா? ஒப்பந்தத்தை முறித்தால் அபராதம் உண்டா?

பதில்: கேளுங்கள். வராத நாட்களுக்கான கட்டணக் கழிவை நிறுவனங்கள் தாமாக எல்லோருக்கும் தருவதில்லை. அழைத்துக் கேட்பவர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. பில்லை எடுத்து, உள்ளூர் சேனல் அல்லது ஒளிபரப்புக் கட்டணம் என்று தனி வரி இருக்கிறதா என்று பார்த்து, சேனல் நின்ற தேதியைக் குறிப்பிட்டு, அந்த நாட்களுக்கான கழிவைக் கேளுங்கள். முதலில் பேசும் ஊழியர் மறுத்தால், சந்தாவை நிறுத்தும் பிரிவுக்கு இணைக்கச் சொல்லுங்கள். கழிவு வழங்கும் அதிகாரம் அங்கே கூடுதல். ஒப்புக்கொண்டதை எழுத்தில் அனுப்பச் சொல்லவும் மறவாதீர்கள்.

உள்ளூர் சேனல்களை அடியோடு விலக்கிவிட்டுக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழியுண்டு. டைரக்ட் டிவி 2023இல் இதை அறிமுகப்படுத்தியபோது மாதம் 12 டாலர் குறைத்தது; 'டிஷ் நெட்வொர்க்' என்ற நிறுவனத்திலும் உள்ளூர் சேனல் இல்லாத திட்டங்கள் உண்டு. ஆன்டெனாவில் படம் தெளிவாக வரும் வீட்டில் இதுவே நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. மாற்றும் முன், அதனால் ஒப்பந்தக் காலம் புதிதாகத் தொடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அபராதம் உண்டு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மீதமுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் 20 டாலர் என்பது வழக்கமான கணக்கு; பத்து மாதம் மீதமிருந்தால் 200 டாலர். சேனல்கள் மாறலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதால், சேனல் நின்றதைக் காரணம் காட்டி அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொன்னால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். உங்கள் ஒப்பந்தம் முடியும் தேதியை முதலில் கேட்டு அறிந்து, அதற்குப் பிறகு விலகுங்கள்.